பழைய ஸ்டூல், ஷூ ரேக், ஒயர் நாற்காலி: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் கிடக்கும் பழைய ஸ்டூல், டீப்பாய், சின்ன அலமாரி இவற்றைக் குறைந்த செலவில் புதுசாக்க நினைத்து உங்கள் கையில் 500 ரூபாய் இருக்கிறது என்றால், அதில் 100 ரூபாய்க்கு உப்புத்தாள் வாங்குங்கள், 250 ரூபாய்க்கு அரக்கு பாலிஷ் வாங்குங்கள், மீதிக்கு என்ன வேண்டுமானாலும் வாங்குங்கள், ஆனால் ஆன்லைனில் படத்தில் பளபளவென்று இருக்கும் அந்த ஒட்டுகிற ஸ்டிக்கர் ஷீட்டைக் கடைசியாக யோசியுங்கள். நான் அதைத்தான் முதலில் வாங்கினேன். போன வருடம் மாசியில் ஆரம்பித்து இப்போது வரை மூன்று சாமான்களில் ஏழெட்டுப் பொருள்களைப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் தாண்டிய பிறகு எது நின்றது, எது நிற்கவில்லை என்று இப்போது தெரிகிறது, அதனால்தான் எழுதுகிறேன். பூசிய மறுநாள் எழுதும் விமர்சனத்தை இந்த விஷயத்தில் நம்பாதீர்கள், மறுநாள் எல்லாப் பூச்சுமே அழகாகத்தான் இருக்கும்.

சாமான்கள் மூன்று. திருநெல்வேலிப் பக்கம் தாத்தா வீட்டிலிருந்து வந்த மர ஸ்டூல், மேலே மூன்று நான்கு தடவை பூசிய பச்சை எனாமலோடு. கல்யாணமான புதிதில் வாங்கிய பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) ஷூ ரேக், ஓரங்கள் எல்லாம் பிரிந்து வந்தது. அப்புறம் பால்கனியில் மழையில் நனைந்து துருப்பிடித்த இரும்புச் சட்டம் போட்ட ஒயர் நாற்காலி. நாங்கள் இருப்பது வில்லிவாக்கத்தில் வாடகை வீடு, தனி அறையோ பட்டறையோ கிடையாது, வேலை எல்லாம் மொட்டை மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலையில்தான். அதனால் மெஷின் எதுவும் வாங்கவில்லை, எல்லாம் கை வேலை.

ஸ்டூலிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதில்தான் அதிகம் கற்றுக்கொண்டேன். பழைய பெயிண்டை நேராக உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், நல்லவேளை செய்யவில்லை. இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் வந்து 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில், முக்கியமாகப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு மாதிரி அடர்ந்த நிறங்களில், ஈயம் நிறையவே இருக்க வாய்ப்பு உண்டு. அதைக் காய்ந்தபடி தேய்த்தால் தூள் பறக்கும், வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அது தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கும். தாத்தா காலத்து ஸ்டூல் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

அதனால் பெயிண்ட் ரிமூவர் ஒரு டப்பா வாங்கினேன். வேலை செய்கிறதா என்றால், நன்றாகவே செய்கிறது. பிரஷ்ஷால் கெட்டியாகத் தடவி கால் மணி நேரம் விட்டால் எனாமல் அப்பளம் மாதிரி பொரிந்து எழும்பி வருகிறது, பட்டி போடும் தகட்டை வைத்துச் சுரண்டினால் சுருள் சுருளாக வந்துவிடும், தூள் பறக்காது. ஆனால் நாற்றம் மிகக் கடுமை, கையில் ஒரு சொட்டு பட்டால் நெருப்பு பட்ட மாதிரி எரிகிறது. கெட்டியான ரப்பர் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், மூடிய அறையில் வைத்துச் செய்யவே செய்யாதீர்கள். சுரண்டியதைப் பழைய செய்தித்தாளில் பொதிந்து, கவரில் கட்டித் தனியாகப் போட்டேன். இரண்டு தடவை பூசிச் சுரண்ட வேண்டியிருந்தது. மூலைகளில் மிச்சம் ஒட்டியிருந்ததை வாட்டர் பேப்பர் வாங்கித் தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய்த்தேன், அப்படிச் செய்தால் தூள் ஈரத்தோடு ஒட்டிக்கொள்ளும், துணியால் துடைத்து எடுத்துவிடலாம்.

அடியில் இருந்த மரத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இவ்வளவு நாள் தேக்கு என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தது தேக்கு இல்லை, பூவரசு. காபிப்பொடியில் கொஞ்சம் சிவப்பு கலந்த மாதிரி ஒரு நிறம். அந்தக் காலத்தில் வண்டிச் சக்கரத்துக்கும் கலப்பைக்கும் பூவரசைத் தேடிப் போவார்கள் என்று அம்மா சொன்னாள். இதன் மேல் யார் பச்சை பெயிண்ட் அடிக்கச் சொன்னது என்று மனசு கேட்கவில்லை. அந்த நிமிஷத்தில்தான் இதற்கு மறுபடியும் எனாமல் கிடையாது, பாலிஷ்தான் என்று முடிவு செய்தேன்.

சரி, உப்புத்தாள். இதைத்தான் எல்லாரும் கடைசியாக, சில்லறைக்கு வாங்குகிற மாதிரி வாங்குகிறோம், நானும் அப்படித்தான் தெருமுனைக் கடையில் மஞ்சளாக இருந்த காகித உப்புத்தாளை நான்கு வாங்கி வந்தேன். ஒரு கால் தேய்ப்பதற்குள் மணல் உதிர்ந்து வெறும் காகிதம் கையில் நின்றது, காற்றில் ஈரப்பதம் இருந்தால் இன்னும் சீக்கிரம் உதிர்கிறது. மறுபடி பெரிய ஹார்டுவேர் கடைக்குப் போய் அண்ணாச்சியிடம் நல்லதாகக் கொடுங்கள் என்றேன். "ஏம்மா, என்ன நம்பர்னு சொல்லாம நல்லதா கொடுங்கன்னா நான் என்னத்தக் கொடுக்க?" என்று கேட்டுவிட்டு, ஸ்டூல் என்றதும் அவரே 80, 120, 220, 320 என்று நான்கு நம்பரில் எடுத்து வைத்தார். நம்பர் கூடக் கூட மணல் நைசாகும். "80-ல ஆரம்பிச்சிட்டு நேரா 320-க்குத் தாவாதீங்கம்மா, கீறல் அப்படியே நிக்கும், பாலிஷ் போட்டப்புறம்தான் கண்ணுக்குத் தெரியும்." இந்த ஒரு வார்த்தைக்காகவே அந்தக் கடைக்கு இனி போவேன். அவர் கொடுத்ததில் 80-உம் 120-உம் துணி முதுகு போட்டவை, ஒன்று 25 ரூபாய். நான் முதலில் வாங்கிய காகிதத்தைவிட இரண்டு மடங்கு விலை, ஆனால் ஸ்டூல் முழுக்கத் தேய்த்த பிறகும் பாதி உயிர் இருந்தது.

தேய்க்கும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். தாளை விரலில் பிடித்துத் தேய்த்தால் குழி விழும், ஒரு சின்ன மரக்கட்டையில் சுற்றிப் பிடியுங்கள். எப்போதும் நார்வாக்கில், அதாவது மரத்தின் ரேகை ஓடும் திசையில்தான் தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்த கீறல் போகவே போகாது. ஒவ்வொரு நம்பர் முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு கைக்குத் தெரியும். எனக்கு இந்த வேலைக்கு மட்டும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. பாலிஷ் போட ஒரே ஒரு காலைதான்.

காலில் ஒரு மூலை உடைந்திருந்தது. அதற்கு எம்-சீல் வைத்தேன், இரண்டு உருண்டையைப் பிசைந்து ஒட்டினால் மறுநாள் கல் மாதிரி ஆகிவிடுகிறது, உப்புத்தாள் போட்டு வடிவத்துக்குக் கொண்டுவரலாம். பலத்துக்கு நூற்றுக்கு நூறு. ஆனால் சாம்பல் நிறம், பாலிஷின் நிறத்தைக் குடிக்காது, அதனால் கண்ணில் படாத இடத்துக்கு மட்டும். மேல்பலகையில் இருந்த ஆணி ஓட்டைகளுக்கு அதே ஸ்டூலைத் தேய்த்தபோது வந்த கடைசி மரத்தூளைப் பாலிஷில் குழைத்து அடைத்தேன், இது செலவே இல்லாத வழி, நிறமும் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. கவனம், பெயிண்ட் கலந்த தூளை இதற்கு எடுக்காதீர்கள், வெறும் மரம் தெரிந்த பிறகு வரும் தூள்தான்.

இப்போது பாலிஷ். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன், ஏனென்றால் இவ்வளவு மலிவான, இவ்வளவு அருமையான ஒரு பொருளை நாம் ஏறக்குறைய மறந்தே விட்டோம் என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம். பிரெஞ்சு பாலிஷ் என்று கடையில் சொல்வது வேறொன்றும் இல்லை, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்தது. பலாசு, இலந்தை மாதிரி மரங்களின் குச்சியில் அரக்குப் பூச்சி சுரக்கிற பிசின்தான் அரக்கு, அதைச் சுரண்டி, சுத்தம் செய்து, உருக்கி, தகடாக இழுத்து உடைத்தால் தேன் நிறத்தில் அவல் மாதிரிச் செதில்கள் கிடைக்கும். உலகத்துக்கே அரக்கு கொடுக்கிற நாடுகளில் நம் நாடு முன்னணி, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காட்டு ஊர்களில் அதிகம் எடுக்கிறார்கள், ராஞ்சியில் 1924-லேயே இதற்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையம் ஆரம்பித்திருக்கிறார்கள். புடவைக் கடையில் அரக்கு நிறம் எடுங்கள் என்கிறோமே, அந்தச் சொல்லும் இந்த அரக்கிலிருந்து வந்ததுதான்.

செதிலும் ஸ்பிரிட்டும் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே கரைத்தால் இன்னும் மலிவு என்று சிலர் சொல்வார்கள். தமிழ்நாட்டில் அது அவ்வளவு சுலபம் இல்லை. ஸ்பிரிட்டுக்கும் மெத்தனாலுக்கும் பிரெஞ்சு பாலிஷுக்கும் சேர்த்து 1959-லிருந்தே தனி விதிகள் இருக்கின்றன, உரிமம் வேண்டும். காரணமும் நியாயமானதுதான், அதைக் குடித்து உயிரையும் கண்ணையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால் உரிமம் உள்ள கடையில், சீல் வைத்த டப்பாவில் வரும் ரெடிமேட் பாலிஷை பில்லோடு வாங்குங்கள். நான் வாங்கியது அரை லிட்டர், 240 ரூபாய். வீட்டில் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், அடுப்புக்குத் தூரமாக வையுங்கள், சட்டென்று தீப்பிடிக்கும்.

போடுவதற்கு பிரஷ் வேண்டாம். பஞ்சை ஒரு பழைய வெள்ளை வேட்டித் துண்டில் பொதிந்து எலுமிச்சை அளவுக்கு ஒரு பொட்டலம் கட்டிக்கொள்ளுங்கள், துணி நன்றாகத் துவைத்து நைந்ததாக இருந்தால் நூல் பிரியாது. பாலிஷை அந்தப் பொட்டலத்துக்குள் ஊற்றி, லேசாகப் பிழிந்து, நார்வாக்கில் ஒரே இழுப்பாக இழுங்கள், போன இடத்துக்கே உடனே திரும்பப் போகாதீர்கள், இழுவிக்கொள்ளும். ஐந்து நிமிஷத்தில் தொட்டால் ஒட்டாது, அரை மணி நேரத்தில் அடுத்த கோட் போடலாம். முதல் இரண்டு கோட்டை மரம் குடித்துவிடும், பெரிதாக ஒன்றும் தெரியாது, அங்கே மனம் தளர்ந்துவிட வேண்டாம். அதற்கு மேல் 320-ஐ வைத்து மெல்ல ஒரு தேய், துடைத்துவிட்டு அடுத்த கோட். நான் ஏழு கோட் போட்டேன். கடைசிக் கோட்டில் பொட்டலம் இழுபடாமல் வழுக்கிக்கொண்டு போக ஒரே ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெய். அந்த எண்ணெய்த் துணியை மட்டும் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், சுருண்டு கிடந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது, விரித்துக் காயப்போட்டு அப்புறம் தூக்கிப் போடுங்கள்.

நான்காவது கோட்டில் பூவரசின் ரேகைகள் உள்ளேயிருந்து எழும்பி வந்த மாதிரி தெரிந்தது. எனாமல் மரத்தை மூடிவிடுகிறது. இது மரத்தையே காட்டுகிறது. அம்மா வந்து பார்த்துவிட்டு, தாத்தா உட்கார்ந்து வெற்றிலை இடித்தது இதில்தான் என்று சொல்லி ரொம்ப நேரம் தடவிக்கொண்டே நின்றாள்.

இதன் குறைகளையும் சொல்ல வேண்டும். மழை மூட்டமான நாளில் போட்டால் காற்றின் ஈரத்தை இழுத்து வெள்ளையாகப் பூத்துவிடும். ஆடியில் ஒரு நாள் டீப்பாய்க் கால் ஒன்றுக்குப் போட்டபோது அப்படித்தான் பால் தெளித்த மாதிரி ஆனது. நல்ல வெயில் நாளாகப் பார்த்து அதன் மேலேயே ஈரப் பொட்டலத்தை ஒரு இழுப்பு இழுத்தேன், போய்விட்டது. இதுதான் அரக்கின் பெரிய குணம், புது கோட் பழைய கோட்டைக் கரைத்துக்கொண்டு அதோடு ஒன்றாகிவிடும், அதனால் எப்போது கீறல் விழுந்தாலும் முழுசாகச் சுரண்டாமல் அந்த இடத்தை மட்டும் சரி செய்துகொள்ளலாம். இன்னொரு குறை, சூடான டம்ளரை நேராக வைத்தால் வெள்ளை வளையம் விழும், தண்ணீர் தேங்கினாலும் அப்படியே. சாப்பாட்டு மேஜைக்கு, அடுப்படி பலகைக்கு, குளியலறை ஸ்டூலுக்கு இது வேண்டவே வேண்டாம். சானிடைசர் கை பட்டாலும் கரையும், அது ஸ்பிரிட்தானே.

இனி அந்த ஸ்டிக்கர் ஷீட். பெயர் சொல்லவில்லை, கிட்டத்தட்ட எல்லாமே ஒரே மாதிரி பிவிசி தாள்தான், பின்னால் பசை, முன்னால் மரம் மாதிரியோ மார்பிள் மாதிரியோ அச்சு. 45 சென்டிமீட்டர் அகலம், 2 மீட்டர் நீளம், நான் கொடுத்தது 279 ரூபாய். ஷூ ரேக்கின் மேல்பலகைக்கும் கதவுக்கும் உள் தட்டுகளுக்கும் ஒட்டினேன். சோப்புத் தண்ணீரில் துடைத்து, காயவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தாளை உரித்து, பழைய ஏடிஎம் கார்டால் நீவி நீவி ஒட்டினால் காற்றுக்குமிழ் வராது, வந்தாலும் ஊசியால் குத்தி அமுக்கலாம். முதல் மாதம் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் புது ரேக்கா என்று கேட்டார்கள். சித்திரை வந்தது. ஜன்னல் பக்கமாக வெயில் விழுகிற மேல்பலகையில் ஷீட் சுருங்கி, ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் பசைக்கோடு வெளியே தெரிந்தது, அந்தப் பசையில் தூசி ஒட்டிக் கறுப்பாகிவிட்டது. அவசரத்தில் யாரோ ஒரு நாள் சுடச்சுடப் பாத்திரத்தை அதன் மேல் வைத்ததில் அந்த வட்டம் அப்படியே பொங்கி எழும்பியது. அதைச் சரி செய்ய வழியே இல்லை, உரித்துப் போட வேண்டியதுதான், உரித்தால் பசை மட்டும் பலகையோடு நிற்கிறது, அதைத் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்துச் சுரண்ட அரைநாள் ஆனது.

ஆனால் உள் தட்டுகளில் ஒட்டியது இன்று வரை அசையவில்லை. வெயில் கிடையாது, சூடு கிடையாது, செருப்பு மண்ணைத் துணியால் ஒரு துடை துடைத்தால் போதும். ஆக இந்த ஷீட்டுக்கு என் தீர்ப்பு: டிராயர் உள்ளே, அலமாரித் தட்டு, ரேக்கின் உள்பக்கம், இவற்றுக்கு வாங்கலாம். மேல்பலகைக்கு, சமையலறைக்கு, நல்ல மரத்தின் மேலே, ஒருபோதும் வேண்டாம். நல்ல மரத்தின் மேல் மரம் மாதிரி அச்சடித்த பிளாஸ்டிக்கை ஒட்டுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

ஷூ ரேக்கில் உண்மையில் உருப்படியாக வேலை செய்தது வேறு இரண்டு. பிரிந்த ஓரப்பட்டிக்கு ஃபெவிகால் எஸ்ஆர் 998, இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, உடனே ஒட்டாமல் பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டு, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் ஒரே அமுக்காக அமுக்க வேண்டும், அவசரப்பட்டால் பிடிக்காது. அடுத்தது, காலுக்கு நான்கு ரப்பர் புஷ், எல்லாம் சேர்த்து 40 ரூபாய். பார்ட்டிகிள் போர்டு தண்ணீர் குடித்து ஊதிவிட்டால் அதை எந்தப் பூச்சாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. வீடு துடைக்கிற தண்ணீர் அடியில் படாமல் அரை அங்குலம் தூக்கி வைத்தாலே அதன் ஆயுள் கூடும். இந்த 40 ரூபாயை வாங்கிய அன்றே செலவழித்திருந்தால் மற்ற செலவு பாதி வந்திருக்காது.

நாற்காலியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய ஒயரை அறுத்து எடுத்து, துருவை 80-ஆம் நம்பர் துணித்தாளால் உலோகம் பளிச்சென்று தெரியும் வரை தேய்த்து, துருவைத் தடுக்கும் அடிப்பூச்சான ரெட் ஆக்சைடு ஒரு கோட், மறுநாள் ஆப்கோலைட் எனாமல் இரண்டு கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு ராத்திரி முழுக்கக் காயவிட்டேன். இரும்புக்கு எனாமல்தான், அதில் மாற்றுக் கருத்தே இல்லை, ஒரு மழைக்காலம் முழுக்கப் பால்கனியில் நனைந்தும் ஒரு புள்ளி துரு வரவில்லை. 200 மில்லி டப்பா ஒரு நாற்காலிக்குத் தாராளம். கலக்க டர்பன்டைன் மட்டும், வீட்டில் இருக்கிறதே என்று வேறு வகைப் பெயிண்டுக்கான என்சி தின்னரை ஊற்றினால் பெயிண்ட் திரிந்துவிடும். ஒயர் பின்னுவதற்கு மட்டும் ஆளிடம் கொடுத்தேன், இழுத்துக் கட்டுகிற அந்த இறுக்கம் பழகிய கைக்குத்தான் வரும், கூலியாக 350 கேட்டார், பேரம் பேசாமல் கொடுத்தேன். ஒரு மணி நேரம் அவர் பின்னுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், விரல் ஓரமெல்லாம் காய்த்துப்போயிருந்தது.

மொத்தக் கணக்கு: ஸ்டூலுக்கு ரிமூவரையும் சேர்த்து 600 ரூபாய்க்குள், ஷூ ரேக்குக்கு ஸ்டிக்கர் உள்பட 450, நாற்காலிக்குக் கூலியோடு 800-ஐ ஒட்டி. எனாமல் பூசாத மர ஸ்டூல் உங்களிடம் இருந்தால் ரிமூவர் செலவே கிடையாது, 350-இல் முடிந்துவிடும், பாலிஷும் பாதி மிஞ்சும்.

என்னிடம் மிஞ்சியதை மூடியை இறுக்கி வைத்திருக்கிறேன், ஆனால் அதை ரொம்ப நாள் வைக்க முடியாது, பழசாகிவிட்டால் போட்ட பாலிஷ் காயாமல் பிசுபிசுவென்றே நிற்கும். அதனால் டப்பாவில் தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குங்கள், அண்ணாச்சி கடையில் கேட்டால் பின்னாலிருந்து புது டப்பா எடுத்துக் கொடுப்பார். ஊரில் தாத்தாவின் சாய்வு நாற்காலி ஒன்று மாட்டுத் தொழுவத்துச் சுவரோரம் கிடக்கிறது, அதுவும் அதே பச்சை. பங்குனி வெயில் முடிவதற்குள் அதைக் கொண்டு வர வேண்டும், பார்சல் லாரிக்குச் சொல்லியிருக்கிறேன்.